தங்கை மரம்

இங்கே சான் ஹோசேயில் காலை ஒன்பது மணி. டெக்சாஸில் பதினொன்று, நியூஜெர்சியில் நண்பகல், ஊரில் இரவு ஒன்பதரை. நான் இரவு ஷிப்ட் முடித்து வீடு வந்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. நடுவில் கொட்டாவி விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது உங்களால் வந்த கொட்டாவி இல்லை.

‘வீட்டில் ஒரு மரம்’ என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமோ படித்தவள், கதை எழுதுகிறவள். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். காரணம், இங்கே நான் போகிற தமிழ் வீடுகளில் பாதியிலாவது ஒரு காட்சி இருக்கும். சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் தண்ணீர். மூன்று பல்குச்சிகள் குத்தி, பாதி முங்கியபடி நிற்கும் ஓர் அவகேடோ கொட்டை. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டால், “சும்மா வச்சேன். தூக்கிப் போட மனசு வரல” என்பார்.

அந்த ‘மனசு வரல’ என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். குப்பைக்குப் போக வேண்டிய கொட்டையை நட்டால் நமக்கு என்ன கிடைக்கும்? தின்ற பழமே திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் நடுகிறோம். அநேகமாக அது கிடைக்காது. கிடைப்பது வேறொன்று. அது என்ன என்று பார்ப்போம்.

முதலில் நம்முடைய பழைய கதை ஒன்று. நற்றிணையின் 172ஆம் பாடலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். நெய்தல் நிலத்துச் சிறுமிகள் வெண்மணலில் விளையாடுகிறார்கள். விளையாட்டாக ஒரு புன்னை விதையை மணலில் அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்துவிடுகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். வீட்டில் அன்னை, இந்தப் புன்னை உங்களைவிடச் சிறந்தது, இது உங்கள் தங்கை என்று சொல்லிவிடுகிறாள். பிற்பாடு காதலன் அந்த மரத்து நிழலில் வந்து நிற்கும்போது தோழி சொல்கிறாள்: தங்கைக்கு முன்னால் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு நிழல் இருந்தால் அங்கே போவோம்.

இந்தப் பாட்டை எல்லோரும் மரத்தின் மேல் இருக்கும் பாசத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த உறவுமுறைதான் முக்கியம். தங்கை. ஒரே வீட்டில் வளர்கிறவள், ஆனால் யாருடைய நகலும் இல்லாதவள். அந்த அன்னை மரத்துக்கும் பெண்களுக்கும் இடையே சொன்ன உறவை நான் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். விதையிலிருந்து வரும் மரத்துக்கும் அந்தப் பழத்தைத் தந்த மரத்துக்கும் உள்ள உறவைச் சொல்லவும் இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. சொந்தம், ஆனால் வேறு ஆள்.

என் ஊர் மார்த்தாண்டம் பக்கம். பலாவை நாங்கள் சக்கை என்போம். அதில் வருக்கை, கூழன் என்று இரண்டு. வருக்கைச் சுளை கடித்தால் கெட்டியாக இருக்கும். கூழன் குழைந்து, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல வருக்கையின் கொட்டையை நட்டால் வருக்கைதான் வரும் என்று எங்கள் ஊரில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கூழன் காய்த்த விளைகள் உண்டு. அதற்காக மரத்தை வெட்டமாட்டார்கள். கூழனுக்கும் தின்ன ஆள் உண்டு.

ஏன் அப்படி? கொட்டைக்குள் தாய் மட்டும் இல்லை, தகப்பனும் இருக்கிறான். அவகேடோவில் இது இன்னும் வேடிக்கை. அதன் பூ இரண்டு முறை திறக்கும். முதல் முறை திறக்கும்போது பெண். மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்கும்போது ஆண், மகரந்தம் கொட்டும். ஒரு வகை மரங்களில் பெண்பூ காலையில் திறக்கும், ஆண்பூ மறுநாள் மத்தியானம். இன்னொரு வகையில் பெண்பூ மத்தியானம், ஆண்பூ மறுநாள் காலை. எனக்கு எங்கள் வார்டின் ஷிப்ட் அட்டவணைதான் ஞாபகம் வரும். ஒரு மரம் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் நேரத்தில் இன்னொரு மரம் கொடுக்கத் தயாராக இருக்கும். நடுவில் ஆள் மாற்றிவிடும் வேலை தேனீக்களுக்கு. ஆகவே நீங்கள் கடையில் வாங்கிய பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் தகப்பன் யார் என்று தோட்டக்காரருக்கே தெரியாது.

அப்படியென்றால் கடையில் எல்லாப் பழமும் ஒரே மாதிரி இருப்பது எப்படி? ஒட்டுக்கட்டுவதால். ஏதோ ஒரு விதையிலிருந்து வந்த கன்றின் தலையை வெட்டிவிட்டு, நமக்கு வேண்டிய மரத்தின் குச்சியை அதில் பொருத்திக் கட்டுகிறார்கள். வேர் ஒருவருடையது, மேலே காய்ப்பது இன்னொருவர். சேஃப்வேயிலோ கோஸ்ட்கோவிலோ நாம் வாங்கும் கருப்புத்தோல் ஹாஸ் அவகேடோ ஒவ்வொன்றும் இப்படி வந்ததுதான். உலகத்தில் எங்கே விளைந்தாலும் ஹாஸ் மரங்கள் எல்லாம் ஒரே ஒரு மரத்தின் உடம்பு. அந்த ஒரு மரம் வந்த கதையைச் சொல்கிறேன். அது இதே கலிஃபோர்னியாவில், நமக்குத் தெற்கே லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகில் உள்ள லா ஹாப்ரா ஹைட்ஸில் நடந்தது.

ருடால்ஃப் ஹாஸ் ஒரு தபால்காரர். பாசடீனாவில் கடிதம் கொடுக்கிறவர். அவகேடோ மரத்தில் டாலர் நோட்டுகள் தொங்குவதுபோல் ஒரு படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, கடன் வாங்கி ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கினார். நம் ஊரில் ஈமு கோழி விளம்பரம் பார்த்துக் கிளம்பியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1926இல் ரைடவுட் என்ற நாற்றங்கால்காரரிடம் கொட்டைகள் வாங்கினார். அந்த ரைடவுட் கொட்டைகளை எங்கே கிடைத்தாலும் பொறுக்குவார், உணவகங்களின் மிச்சத்திலிருந்துகூட. ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான அவகேடோ மரம் சமையலறைக் கழிவாகக்கூட இருந்திருக்கலாம். எந்தப் பழத்தின் கொட்டை என்பதற்கு ஒரு பதிவும் இல்லை.

அந்தக் கன்றுகளில் தானாக ஒன்று காய்க்க வேண்டும் என்று ஹாஸ் நினைக்கவில்லை. அவருக்குத் தேவை வேர்தான். அன்றைக்குச் சந்தையில் மதிப்பாக இருந்த ஃபுவெர்ட்டே என்ற ரகத்தை அதன் மேல் ஒட்டுவது திட்டம். மற்ற கன்றுகள் ஒட்டை ஏற்றுக்கொண்டன. ஒன்று மட்டும் ஏற்கவில்லை. திரும்பக் கட்டினார்கள், திரும்பவும் பிடிக்கவில்லை.

நான் சிறுநீரக மாற்று சிகிச்சை நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட வருடங்கள் உண்டு. ‘ஏற்றுக்கொள்ளவில்லை’ என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மனித உடம்பில் அது நோயெதிர்ப்புச் சக்தி நடத்தும் சண்டை. மரத்துக்கு அப்படி ஒரு படை இல்லை. பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய பச்சை அடுக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட்டு வளர வேண்டும், குச்சி அதற்குள் காய்ந்துவிடக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கன்றில் அந்த அவ்வளவுகூட நடக்கவில்லை.

ஹாஸ் அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஒட்டுக்கட்ட வந்த தொழில்காரர் ஒருவர், கால்கின்ஸ் என்று பெயர், கன்று நல்ல திடமாக இருக்கிறது, அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டார்கள். அது காய்த்தது. தோல் கருத்து, கரடுமுரடாக இருந்தது. அந்தக் காலத்து ஜனங்களுக்கு அவகேடோ என்றால் ஃபுவெர்ட்டே மாதிரி வழுவழுவென்று பச்சையாக இருக்க வேண்டும். இதைத் தின்று பார்த்து, இதுதான் ருசி என்று முதலில் சொன்னது ஹாஸின் பிள்ளைகள்.

1935இல் அந்த மரத்துக்கு அமெரிக்க அரசின் தாவரக் காப்புரிமை கிடைத்தது. எண் 139. விற்கும் பொறுப்பை ஹரால்டு ப்ரோகா என்ற நாற்றங்கால்காரர் எடுத்துக்கொண்டார். ஆனால் விவசாயிகள் ஒரே ஒரு மரத்தை வாங்கி, அதிலிருந்து குச்சி வெட்டித் தோட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டார்கள். அந்தக் காப்புரிமையில் ஹாஸுக்கு மொத்தமாகக் கிடைத்தது சுமார் 5,000 டாலர் என்கிறார்கள். அவர் தபால் வேலையை விடவே இல்லை. 1952இல் காப்புரிமைக் காலம் முடிந்தது, அதே வருடம் அவரும் இறந்தார். தாய் மரம் அவருக்குப் பிறகு ஐம்பது வருடம் இருந்தது. வேரழுகல் நோய் வந்து, 2002இல் வெட்டினார்கள். இன்றைக்குக் கலிஃபோர்னியாவில் விளையும் அவகேடோவில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஹாஸ்தான். 2019இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஹாஸ் மெக்சிகோ இனமும் குவாத்தமாலா இனமும் கலந்த பிள்ளை என்று உறுதிப்படுத்தியது.

மாம்பழத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அதில் நம் பக்கத்துப் பெயர் ஒன்று வருகிறது. 1889இல் அமெரிக்க வேளாண்மைத் துறை இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளை வரவழைத்தது. ஃப்ளோரிடாவில் அவற்றில் ஒரு மல்கோபா பிழைத்தது. மல்கோவா என்று நாம் சொல்லும் அதே பெயர்தான். 1902இல் ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன், அந்த மல்கோபா பழத்தின் கொட்டைகளைக் கோகனட் க்ரோவில் நட்டார். அடுத்த வருடமே இறந்துபோனார். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் தண்ணீர் ஊற்றினார். 1910இல் மரங்கள் காய்த்தபோது ஒன்று மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகத் தனியாகத் தெரிந்தது. அதற்கு ஹேடன் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் மரபணுவைப் பார்த்தபோது தாய் மல்கோபா, தகப்பன் ஃப்ளோரிடாவில் ஏற்கெனவே இருந்த டர்பன்டைன் என்ற நார் மாங்காய். அந்த ஹேடனின் கொட்டையிலிருந்து வந்ததுதான் டாமி அட்கின்ஸ். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி, ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, “இதெல்லாம் ஒரு மாம்பழமா” என்று நாம் திட்டுகிறோமே, அதே டாமி அட்கின்ஸ். நாம் திட்டுவது மல்கோவா வீட்டுப் பேத்தியை.

இந்த இரண்டு கதைகளையும் கேட்டுவிட்டு, கொட்டையை நட்டால் அதிர்ஷ்டம் அடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஹாஸ் லட்சத்தில் ஒன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஆயிரக்கணக்கான விதைக்கன்றுகளை வளர்த்துப் பார்த்து ஒன்றிரண்டைத்தான் எடுக்கிறார்கள். லாம்ப் ஹாஸ் அப்படி வந்தது. நம் ஊரிலும் கொடைக்கானல் கீழ்மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டிகேடி 1 என்று ஓர் அவகேடோ ரகத்தைத் தந்திருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுப்பது ஒரு தலைமுறை வேலை. உங்கள் ஜன்னலோரக் கொட்டை, தண்ணீர்ச் சப்பாக, நாரோடு, விரல் நீளத்தில் காய்க்கலாம். காய்க்காமலேயும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே நட வேண்டும்.

இனி நான் ஏன் இதைப் பேச வந்தேன் என்று சொல்கிறேன்.

நான் சபைக்குப் போகிறவள். புனித பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் ஒட்டுக்கட்டுவது பற்றிப் பேசுகிறார். காட்டு ஒலிவ மரத்தின் கிளையை வெட்டி நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டுவதாக ஓர் உவமை. தோட்டக்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். காட்டு வேரில் நல்ல கிளையை ஒட்டுவார்கள். பவுலுக்கும் அது தெரிந்திருக்கிறது, இயல்புக்கு மாறானது என்று அவரே சொல்கிறார். புலம்பெயர்ந்து வந்தபிறகு இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்மைப் பற்றியே எழுதினதுபோல் இருக்கும். நாம் ஒட்டப்பட்ட கிளைகள். ஒட்டுக்கிளைக்கு ஒரு குணம் உண்டு. யாருடைய வேரில் கட்டினாலும், எத்தனை வருடம் அந்த வேரின் தண்ணீரைக் குடித்தாலும், தன் பழைய பழத்தைத்தான் காய்க்கும். இருபது வருடமாக இந்த மண்ணின் சம்பளத்தில் சாப்பிடுகிறேன். இன்னமும் காய்ப்பது மார்த்தாண்டம்தான். கனவும் அந்தப் பாஷையில்தான் வருகிறது.

நம் பிள்ளைகள் ஒட்டுக்கிளைகள் இல்லை. அவர்கள் நம் கிளையில் பூத்து, இங்கத்துத் தேனீ கொண்டுவந்த மகரந்தத்தில் கருவாகி, இங்கத்து மண்ணில் விழுந்த கொட்டைகள். அவர்களிடம் போய் வருக்கை ஏன் காய்க்கவில்லை என்று நாம் கேட்கிறோம்.

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. கல்லூரிக்குப் போகவில்லை. எலக்ட்ரீஷியன் ஆவதற்கு யூனியனில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு நான் வேலையில் இருக்கும்போது அவள் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவளுக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம் அக்கா” என்றார். நான் “ஜெபிங்க, ஆனா கரண்ட் அடிக்காம இருக்கணும்னு ஜெபிங்க” என்றேன். ஊரில் என் அம்மா போனில், “இவ யாரைக்கொண்டு இருக்கா?” என்று கேட்கிறாள். அம்மாவின் கேள்வி நியாயமானது. அவள் என் நகல் இல்லை, அவள் அப்பாவின் நகலும் இல்லை. ஒட்டுக் கட்டிப் பார்க்கச் சொல்லி எல்லோரும் கத்தியோடு வருகிறார்கள். எனக்கு அந்த ஒட்டுக்காரர் சொன்ன வார்த்தைதான் வழி. கன்று திடமாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரில் சிலருக்கு இது லேசான பேச்சாகத் தோன்றலாம். லேசில்லை என்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டால் கூழன் காய்க்கலாம். அதுவும் நம் வீட்டு மரம் என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அந்தப் புன்னைக்கு நெய்யும் பாலும் ஊற்றியவர்கள் அது என்ன தரும் என்று கணக்குப் பார்த்து ஊற்றவில்லை.

சரி, செய்முறைக்கு வருகிறேன். அது சொல்லாமல் விட்டால் நிறையப் பேர் கோபித்துக்கொள்வீர்கள்.

முதலில் கை. அவகேடோவை உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் கொட்டையைக் குத்தி எடுக்காதீர்கள். கத்தி வழுக்கி உள்ளங்கைக்குள் போய், நரம்பு அறுந்து அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் அத்தனை பேர். ‘அவகேடோ கை’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பூனால் எடுங்கள்.

கொட்டையைக் கழுவுங்கள், காயப் போடாதீர்கள். நெல், உளுந்து மாதிரி காய வைத்துச் சேமிக்கிற விதை இது இல்லை, காய்ந்தால் செத்துவிடும். கூர் முனை மேலே, தட்டைப் பக்கம் கீழே. டம்ளர் பார்க்க அழகு, ஆனால் நேரே தொட்டி மண்ணில் வைப்பது நல்லது. மேல்பாதி வெளியே தெரியட்டும். சில வாரங்கள் ஒன்றுமே நடக்காது. பிறகு கொட்டை வெடித்து முதலில் வேர் இறங்கும், அதற்கு அப்புறம்தான் தண்டு. பொறுமை இழந்து தோண்டிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் தேங்கக் கூடாது. தாய் மரத்தையே கொன்றது ஈர மண்ணில் பரவும் வேரழுகல்தான். சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கம் வெளியிலேயே வளரும், பனி உறையும் ராத்திரிகளில் மட்டும் இளங்கன்றைப் போர்வை போட்டு மூடுங்கள். நியூஜெர்சியில் தொட்டியோடு குளிர்காலத்துக்கு உள்ளே வர வேண்டும், டாலஸ் பக்கமும் அப்படித்தான். வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் இலையையும் பழத்தையும் அதற்குக் கொடுக்காதீர்கள், விஷம்.

மாங்கொட்டை கேட்பவர்களுக்கு: 2007இலிருந்து இந்திய மாம்பழம் இங்கே வருகிறது, ஆனால் கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் வருகிறது. கொட்டைக்குள் இருக்கும் வண்டுக்காகக் கொடுக்கும் கதிர் முளையின் மேலும் படுகிறது. அந்த அல்போன்சா கொட்டையை நம்பித் தொட்டி வாங்க வேண்டாம். மெக்சிகோவின் மஞ்சள் அட்டால்ஃபோவை முயன்று பாருங்கள். அந்த வகையில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும், அவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல்கள். விதையிலும் நகல் எடுக்கத் தெரிந்த விதிவிலக்கு அது.

அவகேடோ கொட்டை காய்க்க ஐந்து வருடமும் ஆகலாம், பத்துக்கு மேலும் ஆகலாம். சீக்கிரம் பழம்தான் வேண்டும் என்றால் நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்குங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஏற்கெனவே கொட்டை போட்டு வளர்த்தவர்களுக்கு நான் சொல்வது இது: தண்டு பென்சில் கனத்துக்கு மேல் வந்து இரண்டு கிளை பிரிந்ததும், ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு கிளையில் ஹாஸ் கட்டச் சொல்லுங்கள். அது நமக்கு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரிந்த ருசி அதில் காய்க்கட்டும். இன்னொரு கிளையைத் தொடாதீர்கள். உலகத்தில் அந்தப் பழத்தை இதுவரை யாரும் தின்றதில்லை. அதற்குப் பெயரும் இன்னும் இல்லை. காய்க்கும்போது வீட்டுப் பிள்ளைகளை முதலில் தின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்விகளைக் கேட்கலாம்.